மணிக்கணக்கில் வாடகை: பிரேசில் மோட்டலில் ஒரு ராத்திரி தங்கலாமா?

நம்ம ஊரில் மோட்டல் என்றால் ஹைவேயில் பஸ் நிற்கிற சாப்பாட்டுக் கடை. விக்கிரவாண்டி பக்கம் இருபது நிமிடம் நிறுத்துவார்கள், டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்வோம். பிரேசிலில் அதே பெயர்ப் பலகை மாட்டிய கட்டடம் வேறு வேலைக்கு. இரண்டு பேருக்கான தனி அறை, மணிக்கணக்கில் வாடகை, கீழே காரை விட மூடிய கராஜ். காதலர்கள் போவார்கள், கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களும் போவார்கள். அப்பா அம்மாவோடு சின்ன ஃபிளாட்டில் இருந்துகொண்டு தனிமைக்கு ஏங்குகிறவர்கள் அங்கேயும் நிறையப் பேர். ஒளிவுமறைவாக நடக்கிற தொழில் கிடையாது. உரிமம் பெற்று, வரி கட்டி, பெரிய பலகை வைத்து நடத்துகிறார்கள். சாவோ பாலோவில் மார்ஜினல் என்று சொல்கிற ஆற்றோரச் சாலைகளிலும், ஊரைவிட்டு வெளியே போகிற நெடுஞ்சாலைகளிலும், ரியோவில் பாஹா தா திஜூகா, நியெமெயர் சாலைப் பக்கமும் இவை வரிசையாக இருக்கும்.

வெளிநாட்டுப் பயணிகள் இங்கே தங்குவதும் புதிதில்லை. 2016 ஒலிம்பிக்சின்போது ரியோவில் ஓட்டல் அறை போதாமல் மோட்டல்களும் பயணிகளுக்கு அறை கொடுத்தன. 2025 நவம்பரில் பெலெம் நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது அங்கேயும் அதே கதை. மாநாட்டுக்கு வந்தவர்களுக்காகச் சில இடங்களில் அறையிலிருந்த விசேஷ நாற்காலிகளைக் கழற்றி எடுத்துவிட்டு மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதினெட்டு வயது தாண்டிய இரண்டு பேர், ஒரே ஒரு ராத்திரி அல்லது நாலைந்து மணி நேரம், காரில் வந்து காரில் போவதாக இருந்தால், கொடுக்கிற காசுக்கு பிரேசிலில் இதைவிட விசாலமான அறை கிடைப்பது கஷ்டம். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் தங்கி ஊர் சுற்றிப் பார்க்க இது சரிப்படாது. குழந்தையோடு போகிறவர்கள் இந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம். ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள். அறைக்கு வாடகை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், அங்கே விற்பதோ நேரம்.

அந்த நேரக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் ஐந்து மணி வரை உங்களுடையது. இருபத்துநாலு மணி நேரக் கணக்கு நமக்குப் பழகிப்போனது. பிரேசில் மோட்டலில் இரண்டு வகைக் கணக்கு ஓடும். ஒன்று ‘பெரியோடு’. 2, 3, 4, 6, 12 மணி நேரம் என்று துண்டு துண்டாக விற்பது. இன்னொன்று ‘பெர்நோய்ட்சி’, அதாவது ராத்தங்கல். இது ராத்திரி இத்தனை மணிக்கு மேல் நுழைந்தால் மறுநாள் காலை இத்தனை மணி வரை என்று கட்டிக் கொடுப்பது. நுழையும் நேரம் இடத்துக்கு இடம் மாறும், எட்டு மணிக்கே தொடங்குகிற இடமும் உண்டு, பத்து மணிக்கு மேல்தான் என்கிற இடமும் உண்டு. வெளியேற வேண்டியது பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். பல இடங்களில் காலைச் சாப்பாடு இதில் சேர்த்தி. சில மோட்டல்களில் ‘ஜியாரியா’ என்று முழுநாள் வாடகையும் இருக்கும், ஆனால் அந்த விலைக்கு நல்ல ஓட்டலே கிடைத்துவிடும்.

அடி விழுவது ‘ஓரா அஜிசியோனாவ்’ என்கிற கூடுதல் மணிக் கட்டணத்தில். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஓர் இடத்தில் 4 மணி நேரத்துக்கு 160 ரெயால், கூடுதல் மணிக்கு 50, ராத்தங்கல் பத்து மணியிலிருந்து 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். அசதியில் ஒன்பது மணிக்கே போய் 4 மணி நேரக் கணக்கில் நுழைந்து, தூங்கிப்போய், காலை ஏழு மணிக்கு எழுந்தால் பில் 160, அதோடு கூடுதல் ஆறு மணி நேரத்துக்கு 300, மொத்தம் 460. ஒரு மணி நேரம் வெளியே சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்திருந்தால் 240-தான். ஒரு ரெயால் சுமார் 16 ரூபாய் என்றால் வித்தியாசம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதனால் வாசலிலேயே, கார் கண்ணாடியை இறக்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெர்நோய்ட்சி எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு? இரண்டாவது கேள்வி: முன்கூட்டி நுழைந்தால் எவ்வளவு? சில இடங்களில் பெரியோடு எடுத்துவிட்டுப் பிறகு ராத்தங்கலாக மாற்றிக்கொள்ள விடுவார்கள். ஆனால் கேட்காமல் தானாக மாறாது. கணினி பாட்டுக்கு மணிக்கு மணி ஏற்றிக்கொண்டே இருக்கும். முடிவு நேரத்துக்குப் பிறகு ‘டொலெரான்சியா’ என்று பத்துப் பதினைந்து நிமிடம் சலுகை கொடுக்கிற இடங்கள் உண்டு. அதை நம்பிக் குளிக்கப் போகாதீர்கள், பதினாறாவது நிமிடம் முழு மணியாகக் கணக்காகலாம்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு விலை, வெள்ளி முதல் ஞாயிறு வரை வேறு விலை, விடுமுறைக்கு முந்தின நாளுக்கு அதைவிடக் கூட. வருடத்திலேயே நெரிசலான நாள் ஜூன் 12. பிரேசிலில் காதலர் தினம் பிப்ரவரியில் கிடையாது, ஜூன் 13 புனித அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள்தான். நம்ம பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம் கூடுகிற அதே அந்தோணியார், அங்கே கல்யாணம் கூட்டிவைக்கிற புனிதர். அன்றைக்கு மோட்டல் வாசலில் கார்கள் வரிசையில் நிற்கும், விலையும் ஏறிவிடும், பல இடங்களில் சில மணி நேரத்துக்கு மேல் தர மாட்டார்கள். பயணத் தேதி அந்த வாரத்தில் விழுந்தால் ஓட்டலே பாருங்கள்.

வாசலில் நடக்கிற முறை இது. கார் ‘போர்ட்டாரியா’ என்கிற வாசல் அறையின் ஜன்னலுக்கு நேராக நிற்கும். பலகையில் அறைகளின் பெயர், படம், விலை இருக்கும். ஒன்றைச் சொன்னால் அடையாள அட்டை கேட்பார்கள். இந்த இடத்தில் நம்மவர்கள் பதறுகிறார்கள், தேவையில்லை. அவர்கள் பார்ப்பது உறவை இல்லை, வயதை. 1990-ல் வந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் சட்டத்தின் 82-வது பிரிவு, பெற்றோர் துணையோ அனுமதியோ இல்லாமல் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு ஓட்டல், மோட்டல், விடுதி எதிலும் இடம் கொடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம், கடையையே மூடவும் வழி உண்டு. அதனால் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். முகம் சின்னதாக இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். போனில் இருக்கிற படத்தை ஏற்காத இடங்கள் உண்டு. எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேறும் வரை வாசலிலேயே இருக்கட்டும் என்றால் வேறு மோட்டலுக்குப் போய்விடுவது நல்லது.

தாலி எங்கே, கல்யாணச் சான்றிதழ் எங்கே என்கிற கேள்வி கிடையாது. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் லோக்கல் ஐடி என்றாலே அறை இல்லை என்று திருப்பி அனுப்புகிற லாட்ஜுகள் சென்னையில் இருக்கின்றன. அந்தச் சங்கடத்தோடு வளர்ந்தவர்களுக்கு பிரேசில் வாசலில் நடக்கிற இரண்டு நிமிடப் பேச்சு பெரிய நிம்மதி. ஆண் ஜோடி, பெண் ஜோடி என்று பார்த்து மறுப்பதும் சட்டத்துக்கு விரோதம். சாவோ பாலோ மாநிலத்தில் அதற்கு 2001-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

நடந்து போகாதீர்கள். இந்தக் கட்டடங்கள் காருக்காகவே கட்டப்பட்டவை. நெடுஞ்சாலை ஓரம் நடைபாதை இருக்காது, ராத்திரியில் பாதுகாப்பும் இல்லை. ஊபர் அல்லது 99 ஆப்பில் காரை எடுத்து, ஓட்டுநரையே உள்ளே கொண்டுபோய் விடச் சொல்லலாம். அவர்களுக்கு இது தினப்படி வேலை. வாசலில் அறை எண் கொடுத்ததும் கார் உள் சந்தில் போகும், உங்கள் எண்ணுக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கராஜ் கதவு திறந்திருக்கும். பெட்டியை இறக்கிவிட்டு ஓட்டுநர் போன பிறகு சுவரில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் கதவு இறங்கும். பெரும்பாலும் கராஜ் கீழே, அறை மேலே, நடுவில் குறுகலான படி. 23 கிலோ பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும், ஆள் யாரும் வர மாட்டார்கள். ஊழியர் முகம் தெரியாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் மரியாதை.

ஏறியதும் எதையும் பிரிக்காமல் முதல் பத்து நிமிடம் அறையைச் சோதியுங்கள். துவாலை, படுக்கை விரிப்பு, ரிமோட் எல்லாம் பாலித்தீன் உறையில் ஒட்டி வைத்திருப்பது நல்ல மோட்டலின் அடையாளம். உறை கிழிந்திருந்தால் போன் போட்டு மாற்றச் சொல்லலாம். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி மெத்தை உறையைப் பாருங்கள், துடைத்தெடுக்கிற ரெக்சின் உறை இருக்க வேண்டும். புரண்டால் சரசரவென்று சத்தம் வரும், ஆனால் அதுதான் சுத்தத்துக்கு உத்தரவாதம். முக்கியமாக மூக்கைப் பயன்படுத்துங்கள். தனிமைக்காக ஜன்னலே வைக்காமல் கட்டிய அறைகள், உள்ளேயே தொட்டியும் சில சமயம் குளமும். ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சை நாற்றம் பிடிக்கும். ஏசியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் அந்த நாற்றம் குறையாமல் அதிகமானால் வலைத் தட்டில் பூஞ்சை என்று அர்த்தம். ஆஸ்துமா இருக்கிறவர்கள் அந்த அறையில் படுக்கக் கூடாது. ‘மோஃபு’ என்றால் பூஞ்சை. போனில் அந்த ஒரு சொல்லும் அறை எண்ணும் சொன்னால் போதும், வேறு அறை கொடுப்பார்கள். உறைகளைப் பிரித்துக் கட்டிலில் படுத்த பிறகு கேட்டால் மாற்ற மாட்டார்கள்.

போர்ச்சுகீஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அந்த அறையில் நமக்குத் தெரிந்த சொற்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கின்றன. சாவி அங்கே ‘ஷாவி’, ஜன்னல் ‘ஜனெலா’, அலமாரி ‘அர்மாரியு’, துவாலை ‘துவாலியா’. நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அவர்களிடமிருந்து நம் பேச்சில் ஏறிக்கொண்ட சொற்கள்தான் இவை. துவாலை இன்னொன்று வேண்டுமென்றால் ‘மாயிஸ் உமா துவாலியா’ என்று சொன்னால் வந்துவிடும். கட்டில் தலைமாட்டில் விளக்கு, பாட்டு, ஏசி எல்லாவற்றுக்கும் ஒரே பலகையில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும், பல இடங்களில் ‘லுஸ்’ என்று எழுதியிருக்கும். வெளிச்சம் என்று பொருள். மயிலாப்பூரில் லஸ் கார்னருக்குப் பெயர் கொடுத்த லஸ் கோயிலில் இருப்பதும் அதே சொல்தான். டிவியைப் போட்டால் முதலில் வருவது பெரியவர்களுக்கான சேனலாக இருக்கலாம், முந்தின ஆள் வைத்த சத்தத்திலேயே. ஒலியைக் குறைக்கிற பொத்தான் எது என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

இனி ஹைட்ரோ, அதாவது ஜெட் துளைகளில் தண்ணீர் பீய்ச்சும் குளியல் தொட்டி. கூடுதல் காசு கொடுத்து இந்தத் தொட்டி இருக்கிற அறையை எடுக்கிறவர்கள்தான் அதிகம், அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் விடுகிறவர்களும் அதிகம். இரண்டு பேர் உட்காருகிற தொட்டி 300 முதல் 500 லிட்டர் கொள்ளும். குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் 400 லிட்டர் நிரம்ப 27 நிமிடம். மூன்று மணி நேர வாடகையில் அரை மணி அதற்கே போய்விடும். ஆகவே அறைச் சோதனை முடிந்ததும் முதல் வேலை குழாயைத் திறப்பது. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. தொட்டியின் உள் குழாய்களில் முந்தின தண்ணீரின் மிச்சம் தேங்கி வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். சில வகைக் கிருமிகள் அதில் வளர்ந்து, மறுநாள் தொடையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்ப வைக்கும். ஜெட் துளைகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் சூடான தண்ணீர் பிடித்து, பம்பை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ துணுக்குகள் வெளியே வந்தால் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். தெளிவாக இருந்தால் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம். பத்து நிமிடம் கூடப் போகும், ஆனால் தோலுக்கு நல்லது.

துளைகள் முழுக்க மூழ்குவதற்கு முன்னால் பம்பைப் போட்டால் தண்ணீர் சுவரிலும் கண்ணாடியிலும் பீய்ச்சியடிக்கும். பம்பும் காற்றை இழுத்து உறுமும், கெட்டுப்போனால் பில்லில் வரலாம். தொட்டி விளிம்பில் திருகு போல ஒன்று இருக்கும், அது காற்றின் அளவு. திறந்தால் குமிழியும் வேகமும் கூடும், தண்ணீர் சீக்கிரம் ஆறும். மூடினால் மென்மையாக ஓடும், சூடு நிற்கும். ஓரத்தில் வைத்திருக்கிற நுரைத் திரவத்தை ஒரு மூடிக்கு மேல் ஊற்றாதீர்கள். பம்பு அடிக்கிற அடியில் அதற்கு மேல் ஊற்றிய திரவம் தொட்டியைத் தாண்டித் தரை வரை நுரையாக வழியும், டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தால் அந்நிய ஊரில் ஆஸ்பத்திரிதான். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு உள்ளே இறங்கவும் வேண்டாம், எண்ணெய் குழாயில் படியும். மஞ்சள், குங்குமம், ஈரம் காயாத மருதாணி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. எல்லாத் துணியும் வெள்ளை. போகாத கறைக்குத் தனிக் கட்டணம் போடும் வழக்கம் உண்டு, அந்தப் பட்டியல் அறைக்குள்ளேயே விலை அட்டையில் இருக்கும். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் பழைய துவாலை ஒன்றைத் தலையணை மேல் போட்டுக்கொள்ள எடுத்துப் போகலாம்.

சாவோ பாலோவில் ஜூன், ஜூலை ராத்திரிகள் நம் கொடைக்கானலைப் போல இருக்கும். அறைக்குள் குளம் என்று படத்தில் பார்த்து ஆசைப்பட்டு எடுக்கிறவர்கள் ‘அக்கெசிதா’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சூடாக்கியது என்று பொருள். அது இல்லாத குளத்தில் அந்த மாதங்களில் கால் வைக்க முடியாது, கொடுத்த காசு வீண்.

சாதாரணக் குளியலுக்கு எளிய மோட்டல்களில் இருப்பது மின்சார ஷவர். தண்ணீர் வரும் தலையிலேயே சூடேற்றும் கம்பி இருக்கும், மேலே குளிர்காலம், கோடைக்காலம், நிறுத்தம் என்று மூன்று நிலை. ஹீட்டர் போட்டுக் காத்திருந்து வாளியில் பிடிக்கிற நம் பழக்கத்துக்கு இது புரியாது. 5,500 வாட் ஷவரில் நிமிடத்துக்கு 4 லிட்டர் விழுந்தால் தண்ணீர் சுமார் 20 டிகிரி கூடும். 3 லிட்டராகக் குறைத்தால் 26 டிகிரி கூடும். அதாவது சூடு போதாவிட்டால் குழாயை இன்னும் திறக்கக் கூடாது, கொஞ்சம் மூட வேண்டும். நிலையை மாற்றுவதாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரமில்லாத கையால் மாற்றுங்கள். கழிப்பறையில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பிரேசிலில் ஹெல்த் பாசெட் பரவலாக இருக்கிறது, மோட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும். காகிதத்தைப் பயன்படுத்தினால் பேசினில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவது அந்த ஊர் வழக்கம். அடைத்துக்கொண்டால் சரிசெய்ய வருவதற்குள் உங்கள் மணி நேரம் ஓடிவிடும்.

மின்சாரத்தில் இன்னொரு விஷயம். சாவோ பாலோவிலும் ரியோவிலும் 127 வோல்ட், பிரேசிலியாவிலும் ரெசிஃபேயிலும் 220. பிளக் துளை அறுகோணக் குழிக்குள் மூன்று வட்டத் துளை. மெல்லிய இரண்டு முள் இருக்கிற நம் போன் சார்ஜர் நேராகப் பொருந்தும், வோல்டேஜும் ஒத்துக்கொள்ளும். லேப்டாப்பின் பருத்த மூன்று முள் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். கெட்டில் எடுத்துப்போய் ரவா உப்புமா மிக்ஸ் கிளறலாம் என்று நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: 230 வோல்டுக்கான 1,500 வாட் கெட்டில் 127 வோல்டில் 460 வாட் கூடத் தராது. வீட்டில் நாலு நிமிடத்தில் கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதின்மூன்று பதினாலு நிமிடம் ஆகும். கெட்டுப்போகாது, பொறுமை வேண்டும்.

சாப்பாடு வருகிற விதம் மோட்டலின் அழகான ஏற்பாடு. சுவரில் சின்ன அலமாரி போல ஒன்று, அதற்கு இரண்டு கதவு, ஒன்று அறைப் பக்கம், ஒன்று வெளி நடைப் பக்கம். போனில் சொன்னால் ஊழியர் வெளிக் கதவைத் திறந்து தட்டை வைத்து, மூடிவிட்டு, மணி அடிப்பார். காலடி ஓசை நகர்ந்த பிறகு நீங்கள் உள் கதவைத் திறந்தால் ஆவி பறக்கிற தட்டு இருக்கும். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. காலித் தட்டையும் அதே வழியில் வைத்துவிடலாம். சமையலறை பெரும்பாலும் ராத்திரி முழுக்க இயங்கும், விமானம் விட்டு இறங்கியவர்களுக்கு இது பெரிய உபகாரம். சாவோ பாலோவில் ராத்திரி பத்து மணி என்றால் நம் உடம்புக்கு விடிகாலை ஆறரை, இரண்டு ஊருக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். பசி நேரம் கெட்ட நேரத்தில்தான் வரும்.

சைவக்காரர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. ‘செங் கார்னி’ என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு கோழி போட்டு அனுப்புவார்கள், பன்றி இறைச்சித் துண்டுகளை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கார்னி (இறைச்சி), ஃப்ராங்கு (கோழி), பெய்ஷி (மீன்), ப்ரெசுன்டு (ஹாம்) நாலும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பார்க்க நம் ராஜ்மா போல இருக்கிற ஃபெய்ஜாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்த்து வேகவைப்பது வழக்கம், அதனால் தவிர்ப்பது நல்லது. நம்பிக் கேட்கக் கூடியவை: வறுத்த உருளைக்கிழங்கு, சோறு, சாலட், சீஸ் மட்டும் வைத்துச் சுட்ட ‘கேய்ஜு கென்சி’ ரொட்டி. ‘மிஸ்டு கென்சி’ என்றால் உள்ளே ஹாம் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பாவ் ஜி கேய்ஜு’ என்கிற சீஸ் உருண்டை மரவள்ளி மாவில் செய்வது. நம் சேலத்து ஜவ்வரிசிக்கு ஆதாரமான அதே கிழங்கு, தென்னமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தது. சூடாக இருக்கும்போது பிய்த்தால் ஜவ்வு போல இழுபடும், தேநீருக்கு அருமையான துணை. ஆனால் முட்டை சேர்ந்திருக்கும். காலைச் சாப்பாட்டில் பப்பாளி, ரொட்டி, சீஸ், ஹாம், பால் காபி வரும். ஹாம் வேண்டாம் என்பதை ராத்திரியே சொல்லிவிடுங்கள். குளிர்பெட்டியில் இருக்கிற தண்ணீர் பாட்டிலுக்குக் காசு உண்டு. ‘செங் காஸ்’ என்பதுதான் சாதாரணத் தண்ணீர், மற்றது சோடா.

இந்த முறையில் ஒரு பெரிய குறை, அதை மறைக்கக் கூடாது. பல மோட்டல்களில் ஒருமுறை அறையை விட்டு வெளியே போனால் தங்கல் முடிந்தது. பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரலாம் என்கிற வசதி இல்லை. சாமானைப் பார்த்துக்கொள்ளும் இடமும் இல்லை. மூன்றாவது ஆள் வந்தால் கூடுதல் காசு. வேலை விஷயமாகப் போய்த் தனியாகத் தங்குகிறவருக்கு இரண்டு பேர் விலையேதான். விசா விண்ணப்பத்துக்குக் காட்டத் தங்குமிட முன்பதிவுக் கடிதமும் இவர்களிடம் கிடைக்காது, அதற்குச் சாதாரண ஓட்டல் பதிவே வேண்டும். எனவே பயணத்தின் நடுவில் ஓர் இரவு, அல்லது சாவோ பாலோவின் குவாருல்யுஸ் விமான நிலையத்தில் ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே எட்டுப் பத்து மணி நேரம் இருக்கும்போது, ஆறு மணி நேரப் பெரியோடு எடுத்துக் குளித்துத் தூங்குவது, இந்த இரண்டுக்கும்தான் இது பொருத்தம். அந்த இடைவேளையில் வெளியே வர நமக்கு பிரேசில் விசா தேவை என்பதை மறக்க வேண்டாம். விலையும் படமும் முன்கூட்டிப் பார்க்க ‘கீயா ஜி மோட்டெய்ஸ்’ என்ற தளம் இருக்கிறது. வாட்ஸாப்பில் எழுதிக் கேட்டால் பதில் சொல்கிற இடங்களும் நிறைய.

சென்னையை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு வேலை. பிரேசிலிலிருந்து திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இந்தியாவில் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், நாள் பார்த்து முன்கூட்டியே போய்விடுங்கள். இரண்டாவது, கார்டு. 2020-க்குப் பிறகு கொடுத்த கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்றே வரும், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறக்க வேண்டும். பிரேசிலில் எங்கே பார்த்தாலும் ‘பிக்ஸ்’ கேட்பார்கள். நம் யுபிஐ போன்றது, 2020 நவம்பரில் வந்தது. அந்த ஊர் வங்கிக் கணக்கு இல்லாமல் நமக்கு அது பெரும்பாலும் பயன்படாது. கார்டு மெஷினில் கிரெடிட்டா டெபிட்டா என்று கேட்டால், டெபிட் கார்டாக இருந்தாலும் பெரும்பாலும் ‘கிரெஜிட்டு’ என்று சொன்னால்தான் போகும். ரூபாயிலா ரெயாலிலா என்று திரையில் கேட்டால் ரெயாலைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

வெளியேறுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு முடிவு என்றால் பதினொன்று முப்பத்தைந்துக்குப் போன் எடுத்து ‘அ கோன்டா, போர் ஃபவோர்’ என்று பில் கேளுங்கள். ஊழியர் ஒருவர் வந்து குளிர்பெட்டியில் என்ன குறைந்திருக்கிறது, துவாலை எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார், அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கக் கூடும். கட்டில் பக்கத்தில் வைத்திருந்த ஆணுறை, தின்பண்டம், நுரைத் திரவம் இவற்றில் எது இலவசம், எதற்குக் காசு என்பதை விலை அட்டையோடு ஒத்துப் பாருங்கள். எடுக்காத பொருள் பில்லில் ஏறியிருந்தால் அங்கேயே சொன்னால் அடித்துவிடுவார்கள். கார்டு ரசீதில் மோட்டலின் பெயர் இல்லாமல் வேறு நிறுவனப் பெயர் இருக்கலாம். அது வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்காகச் செய்வது, மோசடி என்று நினைத்து வங்கியில் புகார் கொடுத்துவிடாதீர்கள். காசு கட்டி, ‘லிபெராது’ (விடலாம்) என்று வாசலுக்குத் தகவல் போன பிறகுதான் பெரிய கேட் திறக்கும். அதனால் ஊபரைப் பில் கேட்பதற்கு முன்னால் கூப்பிடாதீர்கள், உள்ளே வர முடியாமல் வாசலில் காத்திருந்து ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். மெஷினில் ரசீது வந்த பிறகு கூப்பிட்டு, வண்டி எண்ணையும் உங்கள் அறை எண்ணையும் போனில் வாசலுக்குச் சொல்லிவிட்டால், கார் நேராக உங்கள் கராஜ் முன்னால் வந்து நிற்கும்.